தக்கைப்பூண்டுக்கு உரம் போடுவது யார்? நெல்லை அறுப்பது யார்?

விற்பனைக்குப் போகாத ஒரு பயிர். மனிதன் தின்னவும் உதவாது. நாற்பத்தைந்து நாள் வளர்த்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுது சேற்றோடு சேர்த்துவிட வேண்டும். அந்தப் பயிருக்குக் காசு கொடுத்து உரம் வாங்கிப் போடு என்று நமது டெல்டா விவசாயியிடம் சொன்னால் அவன் என்ன சொல்வான்? "நெல்லுக்குப் போடவே கையில் காசில்லை, புதைக்கிற செடிக்கு உரமா?" என்பான்.

இதை விவசாயியின் அறியாமை என்று சொல்லி நகர்ந்துவிடுகிற படித்தவர்கள் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. அவன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், புதைக்கிற செடிக்கு உரம் போடுவது சரியே என்று விஞ்ஞானம் சொல்வதும் உண்மைதான். இரண்டும் உண்மையென்றால், இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒரு தடை இருக்கிறது. அது விவசாயியின் மூளையில் இல்லை. வேறு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் செடியைப் பார்ப்போம். தக்கைப்பூண்டு, சணப்பை, கொளுஞ்சி, சீமை அகத்தி, மணிலா அகத்தி இவையெல்லாம் பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருக்கும். மணிலா அகத்திக்குத் தண்டிலும் உண்டு. அந்த முடிச்சுகளில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. 1886-ல் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர் இதைச் சோதனை செய்து மெய்ப்பித்தார்கள். பயறு போட்ட நிலத்தில் அடுத்த பயிர் செழிக்கும் என்பது நம் பாட்டன் பூட்டனுக்கும் தெரிந்த சங்கதிதான். ஏன் செழிக்கிறது என்பது அன்றுதான் விளங்கிற்று.

ஆனால் அந்த நுண்ணுயிர் கூலியில்லாமல் வேலை செய்வதில்லை. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிளப்பது மிகக் கடினமான வேலை. அதற்கு ஏராளமான சக்தி வேண்டும். அந்தச் சக்தியைச் சுமந்து கொடுக்கும் பொருளில் மணிச்சத்து இருந்தே தீர வேண்டும். மண்ணில் மணிச்சத்து குறைந்தால் வேர் சிறுக்கும், முடிச்சு குறையும், செடி குட்டையாகவே நின்றுவிடும். அப்படிப்பட்ட செடியை மடக்கி உழுது என்ன பயன்? மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுத்தோம் என்பது தவிர, காற்றிலிருந்து ஒன்றும் வந்திராது.

இதைத் தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம். விதைத்து முப்பது நாளில் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்தெடுத்து வேரை அலசிப் பாருங்கள். முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இரத்தச் சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை.

எனவே தக்கைப்பூண்டுக்கு யூரியா வேண்டாம். யூரியா போட்டால், உட்கார்ந்த இடத்தில் சோறு கிடைக்கிறதென்று செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு வேண்டியது மணிச்சத்து. அதிலும் சூப்பர் பாஸ்பேட் பொருத்தமானது. மணிச்சத்து 16 சதவிகிதம் இருப்பதோடு கந்தகமும் சுண்ணாம்புச் சத்தும் அதில் உண்டு.

செலவு என்று சொன்னோமே, அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். சம்பா நெல்லுக்கு ஏக்கருக்கு 20 கிலோ மணிச்சத்து இடும்படி பொதுவாகச் சிபாரிசு செய்கிறார்கள். அதாவது 125 கிலோ சூப்பர் பாஸ்பேட், இரண்டரை மூட்டை. நாம் சொல்வது இதற்கு மேலே இன்னும் இரண்டரை மூட்டை வாங்கு என்பதல்ல. நடவின்போது போட இருந்த அந்த மூட்டையையே, அல்லது அதில் பெரும்பகுதியை, இரண்டு மாதம் முந்தி தக்கைப்பூண்டு விதைக்கும்போது போடு என்பதுதான். செடி அதை எடுத்துக்கொள்ளும். மடக்கி உழுதபின் அழுகும்போது நெல்லுக்குத் திருப்பிக் கொடுக்கும். நேராக மண்ணில் கொட்டினால், செம்மண்ணில் இரும்பும் கரிசலில் சுண்ணாம்பும் மணிச்சத்தில் ஒரு பங்கைப் பிடித்து இறுக்கி வைத்துக்கொள்ளும். செடியின் உடம்பில் ஏறிய மணிச்சத்து அவ்வளவு சுலபமாக அந்தப் பிடியில் சிக்குவதில்லை. ஒரே மூட்டை இரண்டு பயிருக்கு உழைக்கிறது.

பலன் எவ்வளவு? நன்றாக வளர்ந்தால் ஏக்கருக்குப் பத்து டன் பசுந்தழை கிடைக்கும் என்பார்கள். பண்ணைக் கணக்கு அது. குடியானவன் வயலில் ஐந்து டன் என்றே வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 25 கிலோ தழைச்சத்து இருக்கும். ஒரு மூட்டை யூரியாவில் இருப்பதைக் காட்டிலும் இது அதிகம். மண் பொலபொலப்பாவதும், கடைமடையில் உவர் ஏறிய நிலத்தைத் தக்கைப்பூண்டு திருத்துவதும் இந்தக் கணக்கில் சேராதவை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எல்லா வயலுக்கும் இது பொருந்தாது. ஆண்டாண்டாக டி.ஏ.பி. கொட்டிய வயல்களில் மணிச்சத்து ஏற்கெனவே தேங்கிக் கிடக்கலாம். அங்கே மேலும் போடுவது வீண் செலவு. மண்ணைப் பரிசோதித்துப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். அந்தப் பரிசோதனை முடிவும் நெல் அறுவடைக்குப் பிறகு வந்து சேர்ந்தால் பிரயோசனமில்லை. அதேபோல, காய் பறிக்கும் உளுந்துக்கும் பயறுக்கும் இதே கணக்கைப் போடக்கூடாது. அவை பிடித்த தழைச்சத்தில் பெரும்பங்கு பருப்போடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. அதிலும் லாபம் உண்டு. ஆனால் அது அடுத்த நெல்லின் லாபமல்ல.

இந்த முறையை ஒரு தேசம் முழுவதற்கும் விரித்துப் பார்த்த நாடு ஆஸ்திரேலியா. அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதற்கு இரண்டு பக்கம் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தெற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்கள் ஓய்ந்து போயின. கோதுமை மேல் கோதுமையாக விதைத்து மண்ணின் சத்தை உறிஞ்சிவிட்டார்கள். அந்த மண்ணில் மணிச்சத்து பிறவியிலேயே குறைவு. 1889-ல் மவுண்ட் பார்க்கர் என்ற ஊருக்கு அருகே ஏமஸ் ஹோவர்ட் என்ற விவசாயி, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து தற்செயலாக வந்து முளைத்திருந்த ஒரு களைச் செடியைக் கவனித்தார். பயறுக் குடும்பத்தைச் சேர்ந்த குளோவர் என்ற தீவனச் செடி அது. வேர்க்கடலைபோல் தன் விதையைத் தானே மண்ணுக்குள் புதைத்துக்கொள்ளும். அதை மேய்ச்சலுக்குப் பரப்பலாம் என்று அவர் ஊர் ஊராகச் சொன்னார். பிறகு அதற்குச் சூப்பர் பாஸ்பேட்டைத் தூவினார்கள். குளோவர் செழித்தது. ஆடு மேய்ந்தது. மண்ணில் தழைச்சத்து சேர்ந்தது. சில ஆண்டு கழித்து அதே நிலத்தை உழுது கோதுமை போட்டபோது விளைச்சல் எழுந்தது. "சப் அண்ட் சூப்பர்" என்று அந்த நாட்டு விவசாயிகள் இதற்குச் செல்லப் பெயரே வைத்தார்கள். சூப்பர் போட்டும் குளோவர் வராத இடங்களில் ஏன் வரவில்லை என்று தேடி, மாலிப்டினம் என்னும் உலோகச் சத்தின் குறையை 1942-ல் கண்டுபிடித்தார்கள். ஏக்கருக்குச் சில அவுன்ஸ் போட்டதும் தரிசு பசுமையாயிற்று. உழவனும் விஞ்ஞானியும் சேர்ந்து செய்த அருமையான காரியம், மறுக்க முடியாது.

மறுபக்கத்தைத் திருப்புவோம். அந்தச் சூப்பர் பாஸ்பேட்டுக்கு வேண்டிய பாறை எங்கிருந்து வந்தது? பசிபிக் மாகடலில் நவ்ரு என்று ஒரு தீவு. மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். அங்கே 1907-ல் பாஸ்பேட் வெட்டத் தொடங்கினார்கள். முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்று அரசுகளும் சேர்ந்து ஒரு கமிஷன் வைத்துக்கொண்டு, உலகச் சந்தை விலைக்கும் கீழே அந்தப் பாறையைத் தங்கள் நாட்டு விவசாயத்துக்கு அள்ளின. நவ்ரு மக்களுக்குக் கிடைத்தது அற்பத் தொகை. பக்கத்திலுள்ள பனாபா தீவிலும் இதே கொள்ளை. அங்கிருந்த மக்களை 1945-ல் கப்பலேற்றிப் பிஜியிலுள்ள ரம்பித் தீவில் கொண்டுபோய் இறக்கினார்கள். 1968-ல் நவ்ரு விடுதலை பெற்றபோது தீவின் நடுப்பகுதி எலும்புக்கூடாகியிருந்தது. தோண்டிக் கெடுத்த நிலத்துக்கு ஈடு கேட்டு 1989-ல் நவ்ரு சர்வதேச நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியாமீது வழக்குத் தொடர்ந்தது. 1993-ல் ஆஸ்திரேலியா நஷ்டஈடு தர ஒப்புக்கொண்டு சமரசத்துக்கு வந்தது. ஆஸ்திரேலியக் கோதுமை செழித்ததற்கான விலையை வேறு ஒருவர் கொடுத்தார் என்பதே விஷயம். தானியத்துக்கு முந்திய பயிருக்கு உரம் போட்டால் யாரோ ஒருவர் அதற்கு முன்பணம் கட்டியாக வேண்டும். அங்கே நவ்ரு மக்கள்.

இங்கே யார்?

நம் நாட்டுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. பிரிட்டிஷ் சர்க்கார் அனுப்பிய வோல்க்கர் என்ற நிபுணர் 1893-ல் கொடுத்த அறிக்கையிலேயே, எலும்பும் எண்ணெய் வித்தும் கப்பலேறிப் போவதால் இந்திய மண்ணின் சத்து வெளியேறுவதைச் சுட்டிக் காட்டினார். எலும்பு என்றால் மணிச்சத்துதான். இங்கிருந்து எலும்பாகப் போனதை இன்று ஜோர்டானிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் பாறையாக வாங்குகிறோம்! இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை 1906-ல் தமிழகத்தின் ராணிப்பேட்டையில்தான் எழுந்தது. ராஜஸ்தானில் உதயப்பூருக்கு அருகே ஜாமர்கோட்ராவில், அரசாங்கத் துறையில் பெரிய பாஸ்பேட் சுரங்கம் இருக்கிறது. இருந்தும் நம் தேவையில் பெரும்பகுதி இறக்குமதியை நம்பியே நிற்கிறது.

விலைக் கொள்கையோ தலைகீழ். 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை மத்திய சர்க்கார் எடுத்துவிட்டது. யூரியாவுக்கு மட்டும் கட்டுப்பாடு நீடித்தது. 2010-ல் சத்து அடிப்படையிலான மானியம் என்று புதுப்பெயர் சூட்டியபோதும் யூரியாவை வெளியே வைத்து, மற்றவற்றின் விலையைக் கம்பெனிகளின் கையில் விட்டார்கள். 2024-ல் யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. டி.ஏ.பி. 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய். கையில் 300 ரூபாய் உள்ளவன் எதை வாங்குவான்? யூரியாவைத்தான். நாடு ஆண்டுக்கு 350 லட்சம் டன்னுக்கு மேல் யூரியா போடுகிறது. பிறகு அதிகாரிகள் மேடையேறி, விவசாயிகள் யூரியாவை அளவுக்கு மீறிப் போடுகிறார்கள் என்று உபதேசம் செய்கிறார்கள். போட வைத்தது யார் என்று கேட்கிறோம். யூரியா விலையை ஏற்று என்பதல்ல நமது கோரிக்கை. மணிச்சத்தின் விலையை இறக்கு என்பதுதான்.

இனி, எல்லாவற்றிலும் பெரிய தடைக்கு வருவோம்.

சூப்பர் பாஸ்பேட் மலிவாகக் கிடைத்துவிட்டது, தக்கைப்பூண்டு விதையும் வீடு தேடி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். குத்தகை விவசாயி அதை விதைப்பானா? அவன் நிலத்தில் கால் வைப்பது நெல்லுக்காக. வாரமும் குத்தகையும் நெல்லில் அளக்கப்படுகின்றன, அல்லது நெல்லைக் கணக்கிட்டுப் பணமாக வாங்கப்படுகின்றன. எழுத்தில்லாத வாய்மொழிக் குத்தகையில் அடுத்த பருவம் நிலம் தன்னிடம் இருக்குமா என்பதே அவனுக்கு நிச்சயமில்லை. பச்சைத்தாள் போட்டு மண்ணைத் தேற்றிவிட்டால் என்ன நடக்கும்? "வயல் நன்றாகத் தேறிவிட்டது" என்று சொல்லிக் குத்தகையை ஏற்றலாம். அல்லது வேறு ஒருவனுக்கு அதிகத் தொகைக்கு விடலாம். உரம் போட்டவன் ஒருவன், அறுத்தவன் இன்னொருவன்! இந்த நிலையில் நிலத்தை நாளைக்காகப் பேணு என்று எந்த முகத்தோடு அவனிடம் சொல்வது? யூரியா இந்தப் பருவத்திலேயே காசைத் திருப்பித் தருகிறது. பச்சைத்தாள் அடுத்ததில்தான் தருகிறது. நாளை நிச்சயமில்லாதவன் யூரியாவை நம்புவதில் என்ன தவறு?

சட்டம் இல்லாமலில்லை. 1955-ல் சாகுபடி செய்யும் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956-ல் நியாய வாரச் சட்டம். 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம். பதிவேட்டில் பெயர் ஏறியவர்களுக்கு அதனால் பாதுகாப்புக் கிடைத்தது. பெயர் ஏறாதவர்களின் கதை என்ன? கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டால் அடங்கல் கொண்டு வா என்பார்கள். அடங்கலில் நிலச்சொந்தக்காரர் பெயர் இருக்கும். வெள்ள நிவாரணம் வந்தால் அவர் பெயருக்கு. 2019-ல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த ஆண்டுக்கு 6,000 ரூபாய்த் திட்டமும் நிலம் வைத்திருப்பவருக்குத்தான், உழுகிறவனுக்கல்ல. மானிய விலை விதைக்கும் ஆவணம் கேட்டால் அங்கேயும் அவன் வெளியில்தான் நிற்பான்.

சொந்த நிலமுள்ள சிறு விவசாயிக்கும் சங்கடம் வேறு விதத்தில் உண்டு. ஊரில் ஒருவன் மட்டும் கோடையில் தக்கைப்பூண்டு போட்டால் ஊர் மாடெல்லாம் அங்கேதான் மேயும். கொளுஞ்சியை மாடு சீண்டாது என்பதால் அன்று பலர் அதை விதைத்தார்கள். அதன் விதை கெட்டித் தோல், மணலோடு சேர்த்து இடித்துத்தான் விதைக்க வேண்டும். ஊரே கூடி ஒரே சமயத்தில் விதைத்தால் இந்தத் தொல்லை பாதி தீரும். மடக்கி உழ ரோட்டவேட்டர் வாடகை வேறு. முற்காலத்தில் விவசாயத் தொழிலாளிப் பெண்கள் தழை வெட்டிச் சுமந்து வந்து சேற்றில் மிதித்தார்கள். அந்தக் கால்களில் சேற்றுப்புண் ஆறியதே கிடையாது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று எழுதுகிற இயற்கை விவசாய அன்பர்கள் அந்தக் கால்களையும் நினைத்துக்கொண்டால் நல்லது.

2024-25 வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு மண்வளத் திட்டம் ஒன்றை அறிவித்துப் பசுந்தாள் உர விதைக்கு இடம் கொடுத்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் விதை மட்டும் போதாது என்பதே இத்தனை தூரம் நாம் சொல்லி வந்தது. மணிச்சத்துக் குறைந்த மண்ணில் வெறும் விதையைத் தூவி, முழங்கால் உயரச் செடியை மடக்கி உழுதவன், "பச்சைத்தாளும் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு மறுபடி யூரியாக் கடைக்குப் போவான். அரைகுறையாகச் செய்த திட்டம், நல்ல விஷயத்துக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்துவிடும்.

காலமும் முக்கியம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்பட வேண்டும். 2024-ல் நீர் இருப்பு இல்லாமல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். குறுவை போன அப்படிப்பட்ட ஆண்டுகளில்தான், சம்பாவுக்கு முன் கிடைக்கும் மழை ஈரத்தில் தக்கைப்பூண்டு விதைத்து மண்ணைத் தேற்ற அவகாசம் இருக்கிறது. தண்ணீர் வரவில்லையே என்று விவசாயி வாய்க்காலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அந்த மாதங்களில் விதையும் சூப்பர் பாஸ்பேட்டும் கிராமத்தில் இருக்க வேண்டும், கிடங்கில் அல்ல. கடைமடையில் நேரடிப் புழுதி விதைப்பு செய்கிறவர்களுக்கு இந்த அவகாசம் கிடையாது. அவர்களுக்கு வேறு ஏற்பாடு யோசிக்க வேண்டும்.

எனவே நாம் கேட்பது இவைதான். மண் பரிசோதனை முடிவைக் கோடைக்குள் கொடுங்கள். மணிச்சத்துக் குறைந்த வயல்களுக்கு விதையோடு சேர்த்துச் சூப்பர் பாஸ்பேட்டையும் கூட்டுறவுச் சங்கம் மூலம் கொடுங்கள். வேறு டப்பா எதையும் தலையில் கட்டாமல் கொடுங்கள். பச்சைத்தாள் பயிர்க் கடனை நெல் கடனோடு சேர்த்து, நெல் அறுவடைக்குப் பிறகே திருப்பிக் கேளுங்கள். பசுந்தாள் மடக்கி உழுத நிலத்தில், அடுத்த இரண்டு பருவத்துக்குக் குத்தகையை ஏற்றவோ குத்தகையாளனை வெளியேற்றவோ கூடாது என்று உத்தரவு போடுங்கள். கோயில், மடம் நிலங்களிலிருந்தே அதைத் தொடங்கலாம். அங்கே நிர்வாகம் சர்க்காரின் மேற்பார்வையில்தானே இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால், யார் உழுகிறானோ அவன் பெயரை அடங்கலில் எழுதுங்கள். ஊர்தோறும் விவசாயிகள் சங்கம் இந்தப் பட்டியலை இப்போதே தயாரிக்கலாம். எந்தச் சர்வே எண்ணில் யார் சாகுபடி, எத்தனை வருஷமாக, குத்தகை எவ்வளவு, கடைசியாகப் பச்சைத்தாள் போட்டது எப்போது என்று நான்கு கேள்விகள் போதும். பட்டியலோடு தாலுகா ஆபீசுக்குப் போவோம். கோடைமழை பெய்வதற்குள் போவோம்.